நாயைக் கட்டிவிட்டுக் கூப்பிடுங்கள்

எந்த வீட்டுக்குப் போனாலும் கேட்டுக்கு வெளியிலேயே நின்று, "நாய் கட்டியிருக்கா?" என்று குரல் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே காலெடுத்து வைப்பேன். எங்கள் சொந்தக்காரர்களுக்கு இது ஒரு மாதிரியாகத்தான் இருக்கிறது. நாயைக் கண்டால் நடுங்குகிறவள் என்று நினைத்துக்கொள்கிறார்கள். நினைத்துக்கொள்ளட்டும். பாலக்கோடு பக்கம் எங்கள் தாத்தாவின் கொட்டாயில் எப்போதும் இரண்டு நாய் இருக்கும். களி உருண்டையைப் பிட்டு மோரில் கரைத்து தாத்தா அதற்கு ஊற்றுகிற கருங்கல் தொட்டி இன்னும் அங்கே கிடக்கிறது. நாயோடு வளர்ந்த எனக்கு நாய் பழக்கம்தான். "ஒண்ணும் பண்ணாது, வாங்க" என்று சிரித்துக்கொண்டே கூப்பிடுகிற வீட்டுக்காரர்களைத்தான் நான் நம்புவதில்லை.

இதைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக மனதில் கிடந்தது. எழுதினால் சம்பந்தி வீட்டாரைக் குறை சொன்ன மாதிரி ஆகுமே என்று தயக்கம். கடைசியில் சம்பந்தியிடமே கேட்டேன். "எழுதும்மா, நாலு பேருக்குத் தெரியட்டும்" என்றார். பெயரும் ஊரும் மட்டும் போடவில்லை.

தோப்பு வீடு

அண்ணன் மகளுக்கு வரன் கூடி வந்த சமயம். மாப்பிள்ளை வீடு பார்க்கப் போனோம். காவேரிப்பட்டணத்திலிருந்து போச்சம்பள்ளி போகிற பக்கம், ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, மாந்தோப்புக்கு நடுவில் வீடு. சீசன் உச்சத்தில் இருந்தது. பெங்களூரா காய் ஏற்றிய டிராக்டர்கள் மாங்கூழ் ஃபேக்டரிப் பக்கம் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. அண்ணன், அண்ணி, மாமா ஒருத்தர், நான், அப்புறம் எங்கள் அத்தை. அப்பாவின் அக்கா. எங்கள் வீட்டு நல்லது கெட்டதில் அத்தை சொல்தான் கடைசிச் சொல். சர்க்கரை உண்டு, முழங்கால் வலி உண்டு, ஆனாலும் வரன் விஷயம் என்றால் முதலில் காரில் ஏறி உட்கார்ந்துவிடுவார்.

கேட்டைத் திறந்ததும் அது வந்தது. பெயர் ராக்கி. அல்சேஷன் கிராஸ், நல்ல உயரம். அண்ணனின் வெள்ளை வேட்டியில் இரண்டு முன்னங்காலையும் தூக்கி வைத்தது. சொட்டு நீர்ப் பாசனத்துச் சேறு அப்படியே தொடையில் இரண்டு கறையாகப் பதிந்தது. வீட்டார் எல்லோரும் சிரித்தார்கள். "விளையாடுது. புது ஆளுங்களப் பார்த்தா அதுக்கு சந்தோஷம்." அண்ணனும் சிரித்தார், வேறு என்ன செய்வார்? உள்ளே போய் உட்கார்ந்தோம், கூடவே அதுவும் வந்தது. மாமா இரண்டு காலையும் சோபாவுக்கு மேலே இழுத்துக்கொண்டார். டீப்பாயில் வைத்த காராபூந்தித் தட்டில் அது வாயை வைத்தது. அந்த அம்மா தட்டை எடுத்துக்கொண்டு போய் வேறு தட்டு வைத்தார்கள், நாயை ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒவ்வொருத்தர் மடியையும் முகர்ந்து பார்த்தது. அண்ணி மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"கொஞ்ச நேரம் கட்டிப் போட்டுடலாங்களா?" என்று நான்தான் கேட்டேன். "கட்டினா கத்திக்கிட்டே இருக்கும்மா, பேச முடியாது. விட்டுட்டா சும்மா இருக்கும்" என்றார் மாப்பிள்ளையின் அப்பா. அண்ணன் என்னை ஒரு பார்வை பார்த்தார். அதற்கு மேல் நான் என்ன சொல்ல?

இந்த இடத்தைப் பற்றித்தான் நான் அதிகம் யோசித்திருக்கிறேன். விருந்தாளிக்கு அந்த வீட்டில் அதிகாரம் கிடையாது. காபியில் சர்க்கரை அதிகமானாலும் நன்றாயிருக்கிறது என்றுதான் சொல்ல வேண்டும். அதிலும் பெண் கொடுக்கப் போகிற வீடு. கை நனைப்பதா வேண்டாமா என்றே இன்னும் முடிவாகாத நேரம். ஒரு வாய்ச் சொல், ஒரு முகச்சுளிப்பு எல்லாமே கணக்கில் வரும். இப்படி வாய் கட்டப்பட்டவர்களைப் பார்த்து "பயப்படாதீங்க" என்றால், பயத்தை வெளியே காட்டாதே என்றுதான் அவர்கள் காதில் விழும். நாயைப் பிடித்து நிறுத்த வேண்டிய கை வீட்டுக்காரருடையது. விருந்தாளியின் மரியாதையை நம்பி அந்தக் கையைச் சும்மா வைத்திருப்பது எந்த ஊர் உபசாரம்?

குழாயடி

அத்தை வீட்டைச் சுற்றிப் பார்க்க எழுந்தார். நாய் அடுப்படி வாசலில் குறுக்கே படுத்திருந்தது, முன்னங்கால்களுக்கு நடுவில் எதையோ வைத்துக்கொண்டு. அத்தை புடவையை லேசாகத் தூக்கிக்கொண்டு ஓரமாகக் காலை எடுத்து வைத்தார். குரைக்கவில்லை, உறுமவில்லை. ஒரே கவ்வு. அத்தை "அய்யோ" என்றுகூடச் சொல்லவில்லை, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார்.

கெண்டைக்காலில் இரண்டு புள்ளி. ஒன்றிலிருந்து மெல்லிய கோடாக ரத்தம் இறங்கியது. புடவைக் கரை ஓரத்தில் ஒரு சாண் கிழிந்திருந்தது. அவ்வளவுதான். "லேசாத்தான் பட்டிருக்கு", "பல்லு படலை, நகம்தான்", "ஊசி போட்ட நாய்தான், ஒண்ணும் ஆகாது" என்று நாலு பக்கமிருந்தும் குரல் வந்தது. எல்லாம் நல்ல மனசோடுதான். சங்கடமான ஒன்று நடந்தால் அதைச் சின்னதாக்கிப் பேசி மூடுவது நம் எல்லோருக்கும் பழக்கம். அத்தையே அதில் முதல் ஆளாக இருந்தார். "விடுப்பா, நல்ல காரியத்துக்கு வந்த எடத்துல இதப்போய்ப் பெரிசு பண்ணிக்கிட்டு" என்று புடவையை இழுத்துக் காயத்தை மறைத்தார்.

அந்த வீட்டுப் பாட்டி உள்ளேயிருந்து மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துக் கொண்டுவந்தார். "கோவிச்சுக்காதீங்க பாட்டி, இப்ப எதுவும் தடவக் கூடாது" என்று சொல்லிவிட்டு அத்தையின் கையைப் பிடித்தேன். மாட்டுக்கொட்டகை ஓரத்தில் தண்ணீர்த் தொட்டிக்கு மேலே ஒரு குழாய் இருந்தது. துணி துவைக்கிற கல்லில் பாதி கரைந்த நீலச் சோப்பு. கல்லிலேயே அத்தையை உட்கார வைத்து, குழாயைத் திறந்துவிட்டுச் சோப்பைப் போட்டுக் கழுவ ஆரம்பித்தேன்.

பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். ஓடுகிற தண்ணீரில், சோப்புப் போட்டு, குறையாமல் பதினைந்து நிமிடம். வெறிநோய்க் கிருமிக்குக் கொழுப்பால் ஆன ஒரு மேலுறை உண்டு; சோப்பு அந்த உறையைச் சிதைத்துவிடும். காயத்திலிருந்து அந்தக் கிருமி நரம்பைப் பிடித்துக்கொண்டு மூளைக்கு ஏறுகிறது. அதற்கு வாரங்கள் ஆகலாம், மாதங்களும் ஆகலாம். மூளைக்குப் போய் நோய்க்குறி தெரிய ஆரம்பித்துவிட்டால் கிட்டத்தட்ட யாரையும் காப்பாற்ற முடியாது. அதற்கு முன் தடுத்துவிட்டால் கிட்டத்தட்ட எல்லோரையும் காப்பாற்றிவிடலாம். சுண்ணாம்போ மிளகாய்ப் பொடியோ காப்பித் தூளோ வைத்தால் காயம் எரிந்து புண்ணாகும், கிருமியை எதுவும் செய்யாது. இதெல்லாம் எனக்கு முன்பே தெரியும். தெரிந்திருப்பது வேறு, அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் குனிந்து நின்றபோது பட்டது வேறு.

பதினைந்து நிமிடம் எவ்வளவு நீளம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. இரண்டு குடும்பமும் சுற்றி நிற்கிறது. யாருக்கும் என்ன பேசுவதென்று தெரியவில்லை. உள்ளே காபி ஆறிக்கொண்டிருக்கிறது. மாப்பிள்ளையின் அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார்கள். அண்ணன் என் பக்கத்தில் வந்து மெதுவாக, "போதும் வா, தர்மபுரி போய்ப் பார்த்துக்கலாம்" என்றார். நான் கையை எடுக்கவில்லை. சோப்பு நுரை அடங்க அடங்க மறுபடி போட்டேன். அத்தை என் தோளைப் பிடித்துக்கொண்டு, "பாவம்டி, அந்தப் பொம்பளை அழுவுது" என்றார். கடிபட்டவர் அவர். அவருக்கு அந்த வீட்டு அம்மாவின் மனசு நோகக் கூடாதே என்ற கவலை. நம் ஊரில் எத்தனை பேர் இந்த மாதிரிக் கவலையில் காயத்தை மறைத்துக்கொண்டு பேசாமல் வீட்டுக்குப் போயிருப்பார்கள் என்று நினைத்தபோது வயிற்றைப் பிசைந்தது. மனிதர்களுக்கு வெறிநோய் வருவதில் 99 சதவீதம் நாயால்தான். அந்த நாய் தெருநாயாகத்தான் இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

"ஊசி எப்பங்க போட்டீங்க?" என்று கேட்டேன். போட்டாச்சு போட்டாச்சு என்றார்களே தவிர யாருக்கும் மாசம் தெரியவில்லை. பீரோவில் தேடி ஒரு சின்னப் புத்தகத்தை எடுத்து வந்தார்கள். குட்டியாக வாங்கியபோது போட்டதன் முத்திரை இருந்தது. வருஷா வருஷம் போட வேண்டிய பக்கங்கள் காலியாக இருந்தன. மாப்பிள்ளையின் அப்பா அந்தப் பக்கங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு எதுவும் பேசவில்லை.

அப்போதுதான் மாப்பிள்ளைப் பையன் வந்தான். அதுவரை முழுக்கைச் சட்டையில் ஓரமாக உட்கார்ந்திருந்தவன், இதற்குள் நாயை டிராக்டர் ஷெட்டில் விட்டுத் தாழ் போட்டிருக்கிறான். நேராக என்னிடம் வந்து, "அத்தை, கழுவி முடிச்சதும் சொல்லுங்க. வண்டிய கேட்டுக்கிட்ட நிறுத்தியிருக்கேன், ஜி.எச். போயிடலாம்" என்றான். அவன் அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். "இல்லப்பா, ரத்தம் வந்திருக்கு, போய்த்தான் ஆகணும்" என்று முடித்துவிட்டான். எங்கள் பெண்ணை அந்த வீட்டுக்குக் கொடுக்கலாம் என்று அந்த நிமிடம் நான் முடிவு செய்தேன். பத்துப் பொருத்தமும் அதற்கு அப்புறம்தான் பார்த்தோம்.

பதினாலு ஊசிப் பயம்

வண்டியில் போகும்போது அத்தை என்னிடம் ரகசியமாகக் கேட்டது இதுதான்: "தொப்புளச் சுத்திப் பதினாலு போடுவாங்களாடி?" அவருடைய இளவயதில் ஊரில் ஒருவருக்கு அப்படிப் போட்டதைப் பார்த்திருக்கிறார். அந்தக் காலத்து மருந்து ஆட்டு மூளைத் திசுவிலிருந்து தயாரானது. 1907இல் தொடங்கிய குன்னூர் பாஸ்டர் நிலையத்திலும் அதைத் தயாரித்திருக்கிறார்கள். வயிற்றில்தான் போடுவார்கள், வலியும் பக்கவிளைவும் அதிகம். 2005 வாக்கில் அந்த மருந்து நம் நாட்டில் அடியோடு நின்றுவிட்டது. மருந்து போய்விட்டது, பயம் மட்டும் போகவில்லை. அறுபது வயதைத் தாண்டிய யாரைக் கேட்டாலும் இன்னும் தொப்புளைத்தான் தொட்டுக் காட்டுகிறார்கள். நாய் கடித்ததை வீட்டில் சொல்லாமல் மறைக்கிற பெரியவர்களும் சின்னப் பிள்ளைகளும் பாதிப் பேர் இதற்குத்தான் மறைக்கிறார்கள் என்பது என் எண்ணம்.

ஆஸ்பத்திரியில் இருந்த நர்ஸம்மா அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு பொறுமையாகச் சொன்னார். இப்போது கையில்தான் ஊசி, தோலுக்குள்ளேயே, இரண்டு கையிலும் ஒவ்வொன்று. இன்றைக்கு ஒரு தடவை, பிறகு 3ஆம் நாள், 7ஆம் நாள், 28ஆம் நாள். ரத்தம் வந்த கடி என்பதால் அது மூன்றாம் வகை. அதற்கு இம்யூனோகுளோபுலின் என்று இன்னொரு மருந்தைக் காயத்தைச் சுற்றியும் உள்ளேயும் போட வேண்டும். தடுப்பூசி போட்டு உடம்பு எதிர்ப்புச் சக்தியை உண்டாக்கும்வரை காயத்திலேயே நின்று கிருமியைத் தடுப்பது அந்த மருந்துதான். ரத்தம் வராத கீறல் இரண்டாம் வகை. அதற்கும் தடுப்பூசி உண்டு. காயமில்லாத தோலின் மேல் நக்கினால் கழுவினாலே போதும், புண்ணில் நக்கினால் அதுவும் மூன்றாம் வகைதான். சர்க்கரை இருப்பதால் ஊசி போடக் கூடாது என்றெல்லாம் எதுவும் இல்லை. அரசு ஆஸ்பத்திரியில் இதற்குக் காசும் கிடையாது. காயத்தில் போட்ட ஊசிக்குத்தான் அத்தை பல்லைக் கடித்தார், மற்றது எறும்புக்கடி என்றார். மீதி ஊசிகளைத் தர்மபுரியிலேயே போட்டுக்கொண்டோம்.

நாயை என்ன செய்வது

நாங்கள் திரும்பி வருவதற்குள் தோப்பு வீட்டில் வேறு பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்துக் கொல்லைக்காரர் ஒருத்தர், "இத வெச்சிருக்கக் கூடாது. ராத்திரி வண்டியில ஏத்தித் தொப்பூர்க் கணவாயில விட்டுட்டு வந்துடலாம்" என்கிறார். இன்னொருத்தர் அடித்துப் போட்டுவிடலாம் என்கிறார். காலையில் செல்லப்பிள்ளை, சாயங்காலம் இந்தப் பேச்சு. எனக்கு அடக்க முடியாத கோபம் வந்தது. குரல் உயர்ந்துவிட்டது.

கடித்த நாய் கண்ணெதிரே இருக்க வேண்டும். கடிக்கும்போது அதன் எச்சிலில் கிருமி இருந்திருந்தால் 10 நாளுக்குள் அது நோயில் விழுந்து செத்துவிடும்; 10 நாள் கழித்தும் நன்றாகத் தின்று குடித்துக்கொண்டிருந்தால் அந்தக் கடியால் வெறிநோய் வராது. கொண்டுபோய் எங்கேயோ விட்டுவிட்டால் இதை எப்படித் தெரிந்துகொள்வது? கணவாயில் அது லாரியில் அடிபடும், அல்லது பசியில் வேறு யாரையாவது கடிக்கும். இதைச் சொன்னதும் பேச்சு அடங்கியது. ராக்கிக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த நாட்களில் பையன் தினமும் போன் செய்து, நாய் சாப்பிட்டது, தண்ணீர் குடித்தது என்று அத்தையிடமே சொல்லிக்கொண்டிருந்தான்.

அப்புறம் பழகிய பிறகு சம்பந்தியிடம் விசாரித்ததில்தான் விஷயம் புரிந்தது. காய் அறுக்கிற ஆட்கள் வந்துபோகிற நாலைந்து மாதமும் அது விடிந்ததிலிருந்து இருட்டும்வரை லோடு ஷெட்டில் சங்கிலியில் கிடக்கும். வேலைக்கு வருகிற பையன்கள் மாங்கொட்டையால் அடித்து வேடிக்கை பார்ப்பார்கள். விருந்தாளி வருகிற அன்றைக்கு ஆட்களுக்கு வேலை இல்லை, வீட்டில் எல்லோரும் இருக்கிறார்கள் என்று அவிழ்த்துவிடுவார்கள். ஆக அந்த நாய்க்குத் தெரிந்த அந்நியர்கள் எல்லாம் தன்னை அடித்தவர்கள்தான். யாரிடம் எப்படி நடக்க வேண்டும் என்று அதற்கு யாரும் ஒரு நாளும் சொல்லிக் கொடுக்கவில்லை. அடுப்படி வாசலில் படுத்திருந்தபோதும் வாயை மூடி, உடம்பை விறைத்து, அசையாமல் கிடந்திருக்கும். நாய் கொடுக்கிற எச்சரிக்கை அது. தினமும் அதோடு இருக்கிறவர்களுக்குத்தான் அது கண்ணில் பட வேண்டும்.

"நம்ம ராக்கி இருந்தா ஒரு திருடன் வரமாட்டான்" என்று சம்பந்தி பெருமையாகச் சொன்னதுண்டு. எனக்கு எடுத்தனூர் நடுகல் ஞாபகம் வரும். செங்கம் பக்கம், மகேந்திரவர்ம பல்லவன் காலத்துக் கல், ஏழாம் நூற்றாண்டு. எருமை மந்தையைக் காக்கப் போய் இறந்த வீரனுக்காக நட்டது. அதில் வீரனுக்குப் பக்கத்தில் அவனுடைய நாயையும் செதுக்கியிருக்கிறார்கள். கோவிவன் என்று அதன் பெயரையும் வெட்டி, கள்ளனைக் கடித்து அது காவல் நின்றதையும் எழுதியிருக்கிறார்கள். எங்கள் மாவட்டத்திலும் நடுகற்களுக்குக் குறைவில்லை, ஆனால் இப்படி ஒரு நாயின் பெயரோடு வேறொரு கல் நான் பார்த்ததில்லை. ஆயிரத்து முன்னூறு வருஷத்துக்கு மேல் அந்தப் பெயர் நிற்கிறது என்றால், அந்த நாய் யாரைக் கடித்தது என்று ஊருக்குத் தெரிந்திருந்ததால்தான். தாத்தாவின் கொட்டாயிலும் யாராவது வந்தால் அவர் முதலில் எழுந்து வெளியே வருவார். நாயின் கழுத்தைப் பிடித்துக்கொண்டுதான் "யாருப்பா, வா வா" என்பார். வந்தவர் உட்கார்ந்து தண்ணீர் குடித்த பிறகு கையை எடுப்பார். அதற்குள் நாய்க்கும் புரிந்துவிடும். பழக்கம் என்பது அவ்வளவுதான், ஆனால் அதை மனிதன்தான் செய்ய வேண்டும்.

இதற்குச் சட்டமும் உண்டு. தன் பிராணியால் அடுத்தவருக்கு ஆபத்து வராமல் பார்த்துக்கொள்ளத் தவறினால், பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆம் பிரிவுப்படி ஆறு மாதம்வரை சிறையோ 5,000 ரூபாய்வரை அபராதமோ விதிக்கலாம். ஆனால் சம்பந்தி வீட்டின் மேல் யார் போய்ப் புகார் கொடுப்பார்கள்? சொந்தத்துக்குள் நடப்பதைச் சட்டம் வந்து பார்க்காது. வீட்டுக்காரருக்கே தோன்ற வேண்டும்.

அவர்களுக்குத் தோன்றியது. இப்போது தோப்பில் கம்பிவலை போட்ட விசாலமான கூண்டு இருக்கிறது, நிழல் விழுகிற இடமாகப் பார்த்து. விடியற்காலையும் சாயங்காலமும் பையன் கயிறு பிடித்து நடக்கக் கூட்டிப்போகிறான். ஊசிப் புத்தகத்தில் முத்திரை விழுந்திருக்கிறது. செப்டம்பர் 28 உலக வெறிநோய் நாளையொட்டிக் கால்நடை ஆஸ்பத்திரியில் முகாம் போட்டபோது பக்கத்துக் கொல்லை நாய்களையும் அவனே வண்டியில் ஏற்றிக்கொண்டு போனான். எங்கள் பெண் போன புதிதில் கூண்டுக்கு வெளியே உட்கார்ந்து பேச்சுக் கொடுத்துப் பழகி, இப்போது அவள் கையால் சாப்பிடுகிறது. ஆனாலும் விருந்தாளி யார் போனாலும் அது கூண்டில்தான். அதில் அவள் கண்டிப்பு.

அண்ணனுக்கும் எனக்கும் மட்டும் இந்த விஷயம் தீரவில்லை. கல்யாணம் நல்லபடியாக முடிந்ததால் சரி, முறிந்திருந்தால் நீ என்ன பதில் சொல்லியிருப்பாய் என்று இன்றைக்கும் கேட்கிறார். அவ்வளவு பேர் முன்னால் குழாயடியில் உட்கார வைத்திருக்க வேண்டாம், முக்கால் மணி நேரத்தில் தர்மபுரி வந்து பக்குவமாகச் செய்திருக்கலாம் என்பது அவர் கட்சி. அந்த முக்கால் மணி நேரமும் எச்சில் பட்ட காயத்தை அப்படியே வைத்துக்கொண்டு அத்தை காரில் உட்கார்ந்திருக்க வேண்டுமா, குழாய் பத்தடி தூரத்தில் இருக்கும்போது? அதைக் கேட்டால் அவர் பேச்சை மாற்றிவிடுகிறார். வரன் முறிந்திருந்தாலும் நான் அதையேதான் செய்திருப்பேன் என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை.